நிழலும் மறைப்பும்: மாட்டுங்கா, செம்பூர் கம்பவுண்டு மரங்கள்

மும்பையில் வீட்டைச் சுற்றி மரம் வைக்க இடம் கிடைத்ததற்கு மூலகாரணம் பிளேக் நோய். 1896 செப்டம்பரில் மாண்ட்வி பகுதியில் கண்டறியப்பட்ட அந்த நோய் சில மாதங்களில் நகர மக்களில் பெரும் பகுதியினரை வெளியேற வைத்தது. காற்றும் வெளிச்சமும் புகாத நெரிசலான குடியிருப்புகளே நோயின் பிறப்பிடம் என்று அன்றைய அதிகாரிகள் நம்பினார்கள். நோயைப் பரப்புவது எலித்தெள்ளு என்ற உண்மை பொதுவாக ஏற்கப்படச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் 1898-ல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டு, தாதர், மாட்டுங்கா, வடாலா, சயான் பகுதிகளில் புதிய குடியிருப்புகளுக்கான திட்டங்கள் தொடங்கிவிட்டன.

டிரஸ்டின் தலைவராக இருந்த ஜே. பி. ஆர் (J. P. Orr) வலியுறுத்திய வெளிச்ச விதிதான் இந்தப் பகுதிகளின் முகத்தைத் தீர்மானித்தது. கட்டடத்தின் அடியிலிருந்து பார்க்கும்போது எதிர்க்கட்டடத்தின் உச்சி அறுபத்து மூன்றரை பாகைக் கோணத்துக்கு மேல் போகக்கூடாது என்பது அதன் சாரம். கணக்காகச் சொன்னால், இடைவெளியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் உயரம் கூடாது. நாற்பது அடிக் கட்டடத்துக்கு எதிரே இருபது அடி வெற்றிடம் வேண்டும். அந்த வெற்றிடம்தான் பின்னாளில் முருங்கைக்கும் வாழைக்கும் நெட்டிலிங்கத்துக்கும் இடமாயிற்று.

1920, 30-களில் மாட்டுங்காவில் தமிழ்க் குடும்பங்கள் பெருமளவில் குடியேறின. 1932-ல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் தொடங்கும் அளவுக்கு அவர்கள் வேரூன்றியிருந்தார்கள். நகரின் நடுப்பகுதியில் இருந்ததைவிட இங்கே காற்றும் வெளிச்சமும் தாராளம். ஆனால் இருபது அடி தள்ளி எதிர்வீட்டு அடுக்களை ஜன்னல். வெளிச்சத்துக்காக விட்ட இடத்தில் இப்போது மறைப்பு தேவைப்பட்டது. சுவருக்கும் சாக்கடைக்கும் நடுவே கிடைத்த குறுகிய மண்பட்டையில் சீக்கிரம் வளரும் செடியையே வைக்க வேண்டியிருந்தது.

முருங்கை அதற்குக் கைகொடுத்தது. மழை தொடங்கும்போது ஒரு போத்தை வெட்டி நட்டால் அடுத்த மழைக்குள் முதல் மாடி ஜன்னலை எட்டிவிடும். கீரையும் காயும் வேறு. ஆனால் அதன் கட்டை மெத்து. ஜூலைக் காற்றில் கிளை முறியும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி அப்பும். ஆகவே அடுக்களை ஜன்னலை ஒட்டி வைப்பதைவிடக் கம்பவுண்டின் மூலையில் வைப்பதே வசதி. வாழையும் பப்பாளியும் விரைவில் மறைப்புத் தந்தாலும் நிலைப்பதில்லை. துரந்தாவும் செம்பருத்தியும் வேலியாக அடர்ந்து வரும்; ஆனால் தரைத்தளத்துக்கு மட்டுமே உதவும்.

தெருக்களின் தேவை வேறு. அங்கே வேண்டியது நிழல். அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் இந்தியாவுக்கு வந்த தூங்குமூஞ்சி மரம் இதற்கென்றே பிறந்தது போல இருந்தது. சாலையின் இரு பக்கமும் நட்டால் சில பத்தாண்டுகளில் கிளைகள் நடுவில் கைகோத்துக்கொள்ளும். மாலையிலும் மழைமேகம் கவிந்த நேரத்திலும் இலைகளை மடக்கிக்கொள்ளும். இயல்வாகையும் மடகாஸ்கரிலிருந்து வந்த குல்மோகரும் இதேபோல விரைவில் நிழல் தருவதற்காகவே நடப்பட்டன. குல்மோகர் பூக்கும்போது கண்ணுக்கு விருந்து. ஆனால் கோடை தொடங்கி நிழல் மிகவும் வேண்டியிருக்கும் வாரங்களில் இலை உதிர்த்து மொட்டையாக நிற்கும்.

தாதர் பார்சி காலனி வேறு வழியில் போனது. அதை உருவாக்கிய மன்செர்ஜி ஜோஷி தெருவுக்கு ஒரு மரவகை என்று நடச் செய்தார். பிர்தௌசி சாலையில் நிற்கும் மஹோகனி அவசரத்துக்கு வைத்த மரமன்று. மாட்டுங்காவின் ஐந்து தோட்டங்களுக்கு இன்று அவர் பெயரே வழங்குகிறது.

செம்பூரின் தொடக்கம் முற்றிலும் வேறு. குர்லாவிலிருந்து 1906-ல் போடப்பட்ட இருப்புப்பாதை நகரக் குப்பையை ஏற்றி வருவதற்கானது. பயணிகள் ரயில் 1924-ல்தான் ஓடியது. 1950-களில் மாஹுலில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் எழுந்த பிறகு, புழுதியையும் புகையையும் வீட்டுக்கு வெளியே நிறுத்தும் திரையாகவும் மரத்தை எதிர்பார்த்தார்கள். செம்பூரின் சொசைட்டிக் கம்பவுண்டுகளில் நெட்டிலிங்கம் வரிசை வரிசையாக ஏறியதை இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். நெருக்கமாக நட்டால் தூண்போல உயர்ந்து, ஆண்டு முழுவதும் இலையோடு இரண்டு மூன்று மாடிகளை மறைக்கும். பக்கவாட்டில் இடம் கேட்பதில்லை. ஆனால் குறுகலாகத் தொங்கும் இந்த வகை நிழல் தராது. நிழலையும் எதிர்பார்த்து அதை நட்டவர்கள் ஏமாந்தார்கள். மறைப்பு ஒரு வேலை, நிழல் இன்னொரு வேலை. இரண்டையும் ஒரே செடியிடம் கேட்டதுதான் மும்பைக் கம்பவுண்டுகளில் அடிக்கடி நடந்த பிழை.

தாராவியில் மறைப்பா நிழலா என்ற கேள்விக்கே இடமில்லை. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் சந்துகளில் மரத்துக்கு மண்ணில்லை. தகரமும் தார்ப்பாயும்தான் நிழல். ஆனால் அதே தாராவியின் ஓரத்தில், மித்தி ஆற்றங்கரையில், 1977 வரை நகரக் குப்பை கொட்டப்பட்ட 37 ஏக்கர் நிலம் காடாகியிருக்கிறது. 1983-ல் பறவையியலாளர் சாலிம் அலி அங்கே முதல் கன்றை நட்டார். 1994-ல் மகாராஷ்டிர இயற்கைப் பூங்காவாக அது திறக்கப்பட்டது. குப்பைமேட்டில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் காடு வருமென்றால், வீட்டுக் கம்பவுண்டில் வராமல் போவதற்கு மண்ணின் தரம் காரணமல்ல.

வேகமாக வளரும் மரங்களுக்கு ஒரு விலையும் உண்டு. 2010-களில் மாவுப்பூச்சி தாக்கி மும்பைத் தூங்குமூஞ்சி மரங்கள் நூற்றுக்கணக்கில் பட்டுப்போயின. ஒரே வகையைத் தெருத்தெருவாக நட்டதால் தெருத்தெருவாக இழக்க நேர்ந்தது. 2021 மே 17-ல் டவ்-தே புயலால் கொலாபாவில் மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசியபோது நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள் சாய்ந்தன. குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி ஆகிய மூன்றுமே பெரும்பாலும் மேலோட்டமாக வேர் பரப்புபவை. அடியைச் சுற்றி சிமென்ட் பூசி, குழாய்க்காகப் பக்கவேரை அறுத்துவிட்டால் பிடிமானம் போய்விடும். பிறகு குற்றம் மரத்தின்மேல் விழுகிறது.

1975-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர நகர்ப்புற மரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சொந்தக் கம்பவுண்டு மரத்தை வெட்டவும் மாநகராட்சியின் மர ஆணைய அனுமதி வேண்டும். கிளை கழிக்க வார்டு அலுவலகத் தோட்டத்துறையிடம் மழைக்கு முன்பே மனுக்கொடுப்பது வழக்கம். மறுகட்டுமானம் நடக்கும் மனைகளில் இந்தச் சட்டத்தால் மட்டும் மரம் பிழைப்பதில்லை. தரைக்கடியில் வாகன நிறுத்தம் மனை முழுவதும் பரவும்போது, டிரஸ்ட் விட்டுவைத்த மண்பட்டையே மறைந்துவிடுகிறது. தொட்டியில் வைக்கும் செடி அதற்கு ஈடாகாது.

கம்பவுண்டில் புதிதாக நட எண்ணுபவர்கள் மறைப்புக்கு நெட்டிலிங்கத்தையோ செம்பருத்தி வேலியையோ இப்போதே வைக்கலாம். நிழலுக்குப் புங்கையோ புன்னையோ கட்டடத்திலிருந்து தள்ளி நட்டு, அடியைச் சுற்றிக் குறைந்தது மூன்றடி மண்ணைச் சிமென்ட் படாமல் விட்டுவைக்க வேண்டும்.