சவுக்கு ஒழிந்தது, பிரம்பு ஒழிந்ததா?

“அடியாத மாடு படியாது” என்பது பழமொழி. மாட்டுக்குச் சொன்ன அந்த மொழியை மனிதக் குழந்தைக்கும் பொருத்தி, அதையே நீதியெனக் கொண்டாடியது நம் நாடு. பிள்ளையைப் பள்ளியில் விடவந்த தந்தை, “கண் இரண்டையும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், வாத்தியாரே!” என்று சொல்லிச் செல்வார், சொல்லியதைப் பெருமையாகவும் கருதுவார். காவிரி வளங்கொழிக்கும் தஞ்சைத் தரணியும் இதற்கு விலக்கன்று.

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்கப் பணித்தார். தஞ்சை மாவட்டத்தில் மட்டும் 884 பள்ளிகள் இருந்தனவெனக் கணக்கு வந்தது. மகிழத்தக்க செய்திதான். ஆனால் அக்காலப் பள்ளிகளுக்குள் நடந்தது என்ன? பெல்லாரி மாவட்டக் கலெக்டர் காம்ப்பெல் 1823-இல் அனுப்பிய அறிக்கை அதைக் காட்டுகிறது. காலையில் முதலில் வரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரசுவதியின் பெயர், இரண்டாவது வருபவனுக்குச் சுழி, மூன்றாமவனுக்கு மெல்லிய ஓரடி, நான்காமவனுக்கு இரண்டடி, பின்வரும் ஒவ்வொருவனுக்கும் ஓரடி கூடுதல். சோம்பிய மாணவனை இரு கைகளையும் கட்டிக் கூரையிலிருந்து தொங்கவிடுவதும் உண்டு. நம் திண்ணைப் பள்ளிகளில் இதற்குக் ‘கோதண்டம்’ என்று பெயர். இராமபிரான் ஏந்திய வில்லின் பெயரைக் குழந்தையைக் கட்டித் தொங்கவிடும் கயிற்றுக்குச் சூட்டினார்களே, அந்தக் கொடுமையை என்னென்பது!

அந்தத் திண்ணையிலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இடமில்லை. சேரிப் பிள்ளைக்கு அதன் கதவு பெரும்பாலும் அடைத்தே கிடந்தது. அவன் மிராசுதாரின் மாட்டை மேய்த்தான். அவன் தந்தை பண்ணையாள். சிறு குற்றத்துக்கும் தந்தையின் முதுகில் சவுக்கடி விழுந்தது. சாணியைக் கரைத்த நீரை அவர் வாயில் ஊற்றிக் குடிக்கவைத்தார்கள். அதற்குச் ‘சாணிப்பால்’ என்று பெயர். திண்ணையில் இடம்பெற்ற பிள்ளை பிரம்பைக் கண்டு வளர்ந்தான். இடம் மறுக்கப்பட்ட பிள்ளை சவுக்கைக் கண்டு வளர்ந்தான்.

“சவுக்கை எடுத்துவிட்டால் ஏர் நகருமா? நாற்று நடப்படுமா?” என்று பண்ணையார்கள் கேட்டார்கள். உழவர் இயக்கம் அந்தக் கேள்விக்குச் செயலால் விடை சொன்னது. பி. சீனிவாசராவ் போன்ற தோழர்கள் சேரி சேரியாகச் சென்று பண்ணையாட்களை ஒன்றுதிரட்டினர். 1944-இல் மன்னார்குடியில் ஒப்பந்தம் ஏற்பட்டது. சவுக்கடியும் சாணிப்பாலும் நிறுத்தப்படவேண்டுமென முடிவாயிற்று. மிராசுதார்களின் கொடுமை அன்றோடு முடிந்துவிடவில்லை; 1968 டிசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் குழந்தைகள் உட்பட 44 பேர் எரிக்கப்பட்டதை மறப்பவர் யார்? ஆயினும், உழைப்பவனை அடிப்பது ஆண்டையின் உரிமை என்ற எண்ணத்தின் ஆணிவேரை அந்த ஒப்பந்தம் அசைத்தது. சவுக்கில்லாமலும் குறுவை விளைந்தது, சம்பா விளைந்தது, களத்தில் நெல் குவிந்தது!

வயலில் சவுக்கு வீழ்ந்த பின்னும் வகுப்பறையில் பிரம்பு வாழ்ந்தது. நம் மாநிலக் கல்வி விதிகளில் 51ஆம் விதி, சில குற்றங்களுக்கு உள்ளங்கையில் ஆறு அடிவரை கொடுக்க இடந்தந்திருந்தது. 2003-இல்தான் அவ்விதி திருத்தப்பட்டு, அடி விலக்கப்பட்டது. பின்னர் 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், தன் 17ஆம் பிரிவில், உடலை வருத்தும் தண்டனையோடு உள்ளத்தை வருத்தும் கொடுமையையும் தடைசெய்தது; 2010 ஏப்ரல் 1 முதல் அது நடப்புக்கு வந்தது. ஆண்டையின் சவுக்குக்கு 1944. ஆசிரியரின் பிரம்புக்கு 2003. வளர்ந்தவனின் முதுகுக்குக் கிடைத்த காப்பு, குழந்தையின் கைக்குக் கிடைக்க ஏறத்தாழ அறுபது ஆண்டுகள்!

வீட்டுக்குள் வருவோம். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்கென நல்லெண்ணத்தோடு காப்பாளர் செய்யும் செயலுக்கு 89ஆம் பிரிவில் நிழல் தந்தது. 2024 சூலை முதல் நடப்பிலுள்ள புதிய சட்டத்திலும் அந்நிழல் 27ஆம் பிரிவாகத் தொடர்கிறது. சுவீடன் 1979-லேயே வீட்டடியையும் சட்டத்தால் விலக்கியது. அண்டை நாடான நேபாளம் 2018-இல் விலக்கியது. நாம் இன்னும் பழமொழியின் நிழலில் ஒதுங்கி நிற்கிறோம்.

“நாங்கள் அடிபட்டுத்தானே ஆளானோம்?” என்று கேட்பவர் உண்டு. சவுக்கில்லாவிட்டால் ஏர் நகராதென்ற ஆண்டையின் குரலும் இந்தக் குரலும் வேறுவேறா? அடிபட்டவர் ஆளானது அடியாலன்று. அடியையும் தாங்கி நின்ற தம் ஆற்றலால். அடியால் படிப்பை வெறுத்து மாடு மேய்க்கப் போனவன் இன்று வந்து சாட்சி சொல்வதில்லை. அவன் குரல் நம் செவிக்கு எட்டுவதில்லை.

தஞ்சைத் தோழனே! உன் பாட்டனின் முதுகில் விழுந்த சவுக்கை நினைத்துப்பார். அதைத் தடுக்க எழுந்த கையின் வழிவந்தது உன் கை. அந்தக் கை உன் மகன்மீது, உன் மகள்மீது ஓங்கலாமா? கணக்குத் தவறினால் மீண்டும் சொல்லிக்கொடு. பொய் சொன்னால், எதற்கு அஞ்சிச் சொன்னதென்று கேள். பாட்டன் பெற்ற விடுதலையைப் பேரப்பிள்ளைக்கும் கொடு!