டெம்பிள் கூலி

டெம்பிள் கூலி என்பது, தாது வருடப் பஞ்சத்தின்போது (1876-78) சென்னை மாகாணத்தின் நிவாரண வேலைத்தளங்களில் உழைத்தோருக்கு 1877 இல் விதிக்கப்பட்ட குறைந்த உணவுப்படி ஆகும். பஞ்சப் பிரதிநிதியாக இந்திய அரசு அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள் இதனை வகுத்தமையால் இப்பெயர் ஏற்பட்டது. பிரித்தானிய இந்தியாவில் மட்டும் சுமார் 55 இலட்சம் பேர் இப்பஞ்சத்தில் மாண்டதாக மதிப்பிடப்படுகிறது.

பின்னணி

1873-74 ஆம் ஆண்டு பீகார் பஞ்சத்தில் டெம்பிள் பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாக வழங்கினார். உயிரிழப்பு மிகக் குறைவாகவே இருந்தது. எனினும் வீண்செலவு செய்தார் என்று கண்டிக்கப்பட்டார். வைசிராய் லிட்டன் பிரபு அவரைச் சென்னைக்கு அனுப்பியது சிக்கனத்தை நிலைநாட்டுவதற்காகவே. வெற்றி பெற்ற முறையே குற்றமாகக் கருதப்பட்டது வியப்புக்குரியது.

அளவும் எதிர்ப்பும்

நாள் முழுதும் மண் சுமக்கும் ஆணுக்கு 1 இராத்தல் (சுமார் 450 கிராம்) தானியமும் சிறிது காசும் வழங்கப்பட்டன. பெண்களுக்கும் சிறுவர்க்கும் இதனினும் குறைவு. மாகாணச் சுகாதார ஆணையர் டபிள்யூ. ஆர். கார்னிஷ் இதனைக் கடுமையாக எதிர்த்தார். உழைப்பவருக்கு 1.5 இராத்தல் தானியமும், அதனுடன் பருப்பும் காய்கறியும் வேண்டும் என்பது அவர் வாதம். தானியம் மட்டும் உண்போர் பசியாறியதுபோல் தோன்றினும் தசை கரைந்து, உடல் வீங்கி, வயிற்றுப்போக்கிற்கு எளிதில் இரையாவர். பம்பாய் மாகாணத்தில் இக்கூலியை ஏற்க மறுத்துத் தொழிலாளர் வேலைத்தளங்களை விட்டு வெளியேறினர். 1877 இலேயே சென்னை அரசு படியை 1.25 இராத்தல் தானியம், சுமார் 43 கிராம் பருப்பு என உயர்த்தியது. இது கார்னிஷ் கேட்டதில் பாதி உயர்வே.

தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர்கள் அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களாக இருந்தன. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. நீளமான பக்கிங்காம் கால்வாய்ப் பகுதி, 1877-78 இல் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டதாகும். வேலை செய்ய இயலாதோர் கஞ்சித்தொட்டிகளை நம்பியிருந்தனர்.

பின்விளைவுகள்

1880 இல் பஞ்ச ஆணைக்குழு அறிக்கை அளித்தது. அதனடிப்படையில் 1883 இல் பஞ்ச விதித்தொகுப்பு உருவானது.

இன்றைய அளவுகோல்

பேரிடர்க் காலத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 2,100 கிலோகலோரி தேவை எனப் பன்னாட்டு மனிதநேய அமைப்புகள் கொள்கின்றன. இதில் 10 முதல் 12 விழுக்காடு புரதத்திலிருந்தும், சுமார் 17 விழுக்காடு கொழுப்பிலிருந்தும் கிடைக்க வேண்டும். ஓர் இராத்தல் தானியம் ஏறத்தாழ 1,600 கிலோகலோரியே தரும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 செ.மீ.க்குக் குறைந்தால் அது கடுமையான ஊட்டக்குறை ஆகும்.

வெள்ளத்தின்போது தேவை வேறுபடும். 2015 டிசம்பரில் தாம்பரத்தை அடுத்த முடிச்சூர், வரதராசபுரம் பகுதிகளை அடையாற்று வெள்ளம் சூழ்ந்தபோது பஞ்சம் இல்லை. ஆனால் அடுப்பு மூட்ட வழியில்லை. இத்தகைய நிலையில் அரிசியைவிடச் சமைத்த உணவும் தூய குடிநீருமே முதற்தேவை. கைக்குழந்தைகளுக்குத் தாய்ப்பால் தொடரப்பட வேண்டும். மாசடைந்த நீரில் கரைத்த பால்மாவு வயிற்றுப்போக்கை உண்டாக்கும்.