பாலையூற்று வழியும் வருங்காலப் போக்குவரத்துக் கணக்கும்

திருகோணமலைப் பட்டினத்தின் அயலிலே, லூர்து அன்னை திருத்தலத்தால் பலரும் அறிந்த பாலையூற்றின் வழியே செல்லும் வாகனங்களின் போக்கை நெடுங்காலம் நிர்ணயித்து வந்தது அவ்வூராரின் தேவையன்று, துறைமுகத்தின் தேவையே. 1927ஆம் ஆண்டில் ரயில் பாதை வந்ததும், சீனக்குடாவிலே பிரித்தானியக் கடற்படைக்கென ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகள் எழுந்ததும் துறைமுகத்தை முன்னிட்டே. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு பொழிந்ததும் அதன் பொருட்டே. 1957இல் கடற்படைத் தளம் இலங்கையின் வசமான பின்னரே இப்பிரதேசத்து வீதிகள் மெல்லமெல்லக் குடிமக்களின் வீதிகளாயின.

அக்காலத்திலேதான் அமெரிக்காவின் டெட்ராயிட், சிக்காகோ நகரங்களில், எத்தனை பேர் புறப்படுவர், எங்கே செல்வர், எவ்வாகனத்தில் ஏறுவர், எவ்வீதியைக் கொள்வர் என்னும் நான்கு வினாக்களால் வருங்கால நெரிசலை முன்கூட்டியே அனுமானிக்கும் முறை உருவாயிற்று. இன்றைய பிரயாணங்களைச் செவ்வனே எண்ணி, ஜனத்தொகை பெருகும் வீதத்தை அதனோடு பொருத்துவதே அதன் அடிப்படை. ஆனால் எண்ணிக்கையே இல்லாத இடத்தில் அம்முறை என்ன செய்யும்? திருகோணமலை மாவட்டத்தில் 1981க்குப் பின் முழுமையான குடிசன மதிப்பீடு 2012இலேதான் நிகழ்ந்தது. இடைப்பட்ட 31 ஆண்டுகளில் உள்நாட்டு யுத்தத்தால் ஊர்கள் பெயர்ந்தன, திரும்பின, சில திரும்பவேயில்லை.

எண்ணப்பட்ட தொகையும் உண்மை சொல்லிவிடாது என்பதற்கு அம்மாவட்டத்துக் கிண்ணியாத் துறையே சான்று. அங்கே ‘பாதை’ என வழங்கும் மிதவைக்காக வாகனங்கள் நிரையாய்க் காத்துக் கிடக்க, ஒரு தடவைக்கு மிதவை கொள்ளுமளவே அக்கரை சேர்ந்தது. அத்துறையிலே நின்று எண்ணிய உத்தியோகத்தர் எவராயினும் அவர் ஏட்டிலே பதிந்திருக்கக்கூடியது மிதவையின் கொள்ளளவேயன்றி மக்களின் தேவையன்று. காத்திருக்க அஞ்சி வைத்தியசாலைக்கும் சந்தைக்கும் புறப்படாமலே வீட்டில் தங்கியவர் எந்த ஏட்டிலும் ஏறார். 2009 ஒக்டோபரில், 396 மீற்றர் நீளமுள்ள கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டபின், அதுகாறும் அடங்கிக் கிடந்த பிரயாணங்கள் பாலையூற்றின் வழியே செல்லும் கண்டி வீதியேறி நகரை நோக்கலாயின. பழைய துறைக் கணக்கை மட்டும் நீட்டி வரைந்த எந்தக் கோடும் இப்பெருக்கைக் காட்டியிராது.

தேவையைப் பாராமுகமாய் விடுதல் வெறும் ஏட்டுப் பிழையாய் முடிவதில்லை. 2021 நவம்பரில், கிண்ணியாவின் குறிஞ்சாக்கேணிப் பாலம் புதுக்கப்பட்டு வந்த நாட்களில், அதற்கு ஈடாக ஓடிய மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் மாண்டனர். பாலம் இல்லாவிடினும் பிள்ளைகள் பள்ளிக்குச் செல்லத்தானே வேண்டும். அந்தப் பிரயாணம் எவருடைய அனுமானத்துக்கும் காத்திருப்பதன்று.

ஆகவே, திருகோணமலைக்கு வருங்காலக் கணக்கு எழுதப் புகுவோர், வீதியோரத்தில் நின்று வாகனங்களை எண்ணுவதோடு அமையாது, பாலையூற்றிலும் கிண்ணியாவிலும் வீடுவீடாய்ச் சென்று, போகவேண்டியிருந்தும் போகாது விட்ட பிரயாணங்கள் எவையென்று கேட்டெழுதுவாராக.