படம் பிடித்த கையும் அடைத்த கதவும்

விடுமுறை முடிந்து திரும்பும் செந்தூல் குடும்பங்களின் கைப்பேசிகளில் இந்நாளில் ஆஸ்திரேலியா நிறைந்திருக்கக் காண்கிறோம். மெல்போர்னிலோ பெர்த்திலோ பயிலும் மக்களைக் காணச் சென்றவர்கள், கடற்பாறைகளையும் யூக்கலிப்டஸ் காடுகளையும் மலையருவிகளையும் படம் பிடித்து வந்து உற்றார்க்குக் காட்டி மகிழ்கின்றனர். இதனை வீண் ஆடம்பரம் என்று இகழ்வாரும் உளர். யாம் அவ்வாறு கருதவில்லை. இவர்களுடைய பாட்டனார் நிலத்தைப் பார்த்ததெல்லாம் காடு வெட்டவும், மரம் சீவவும், தண்டவாளம் இடவும் அல்லவா? ரயில்வே பட்டறையின் புகையிலும் தோட்டத்து லயங்களிலும் காலங்கழித்த கூட்டத்தாரின் பேரர்கள், பிழைப்பின் பொருட்டன்றிக் காணும் இன்பத்தின் பொருட்டே கடல் கடப்பது சிறு செய்தியன்று. எனினும், அவர்கள் படம் பிடித்து வரும் அக்காட்சிகளுக்குப் பின்னே ஒரு வரலாறு உண்டு. அதனை அறிந்து பார்ப்பது வேறு, அறியாமற் பார்ப்பது வேறு.

ஆஸ்திரேலியாவின் தென்கோடியில் உள்ள டாஸ்மேனியாத் தீவுக்கு 1948-ஆம் ஆண்டில் ஒலேகஸ் ட்ருக்கானாஸ் என்னும் இளைஞர் வந்து சேர்ந்தார். அவர் லித்துவேனிய நாட்டினர். உலகப் போரினால் வீடும் நாடும் இழந்தவர். அத்தீவின் நீர்மின் ஆணையத்தில் அலுவலராக அமர்ந்து, ஓய்வு நாள்களில் சிறு படகும் படப்பெட்டியுமாக ஆளரவமற்ற ஆறுகளிலும் மலைகளிலும் திரிந்தார். பெடர் ஏரியையும் அதன் இளஞ்சிவப்பு மணற்கரையையும் பன்முறை படம் பிடித்தார். 1967-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் தீவைப் பற்றிய பெருந்தீயில் அவருடைய வீடும், அதனுள் சேர்த்து வைத்திருந்த படங்களும் சாம்பலாயின. மனம் உடைந்து அமர்ந்தாரா? இல்லை, மீண்டும் முதலிலிருந்து தொடங்கினார்.

தொடங்கக் காரணமும் இருந்தது. மின்னாக்கத் திட்டத்திற்காக அந்த ஏரியையே பெருநீரில் மூழ்கடிக்க அரசு முடிவு செய்திருந்தது. திட்டத்தை வகுத்ததோ அவர் ஊதியம் பெறும் ஆணையம்! மேடையேறிக் கண்டிக்க அவரால் இயலவில்லை. அரசாங்க உத்தியோகத்தில் வாய் கட்டுண்டவர் படும் பாட்டை நம்மவர்க்கு விளக்க வேண்டுவதில்லை. அவர் பேசாமல் காட்டினார். தலைநகராகிய ஹோபர்ட்டின் நகர மண்டபத்தில் மக்கள் திரண்டு வந்து, தாங்கள் இழக்கவிருக்கும் ஏரியைத் திரையில் கண்டனர். ஆயினும் 1972-ஆம் ஆண்டில் ஏரி மூழ்கியது. அதே ஆண்டு ஜனவரித் திங்களில், எரிந்த படங்களுக்கு ஈடாகப் புதியன எடுக்கச் சென்ற ட்ருக்கானாஸ், கார்டன் ஆற்றில் மூழ்கி மாண்டார்.

அவருடைய உடலைத் தேடிக் கண்டவர் பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ் என்னும் அவர் மாணாக்கர். இவரும் அகதியே, லாட்வியப் பெற்றோர்க்கு 1945-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் பிறந்து, 1950-ஆம் ஆண்டில் தாயுடன் ஆஸ்திரேலியா வந்தவர். இவர் காலத்தில் பிராங்க்ளின் ஆற்றுக்கு அணைத் திட்டம் வந்தது. அதனைத் தடுக்க முனைந்த அறப்போரில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் கைதாயினர். அவ்வாற்றின் வளைவொன்றில் காலைப் பனிமூட்டத்தினிடையே பாறை நிற்கும் காட்சியை டொம்ப்ரோவ்ஸ்கிஸ் எடுத்திருந்தார். 1983-ஆம் ஆண்டு மார்ச்சுத் தேர்தலுக்குச் சில நாள்கள் முன்னர், அப்படம் செய்தித்தாள்களில் முழுப்பக்க வண்ண விளம்பரமாக வெளிவந்தது. அணையை எதிர்த்த கட்சி வென்றது. ஜூலை முதல் நாள் உயர் நீதிமன்றம் நான்கிற்கு மூன்று என்னும் கணக்கில் அணையைத் தடுக்கும் அதிகாரம் நடுவணரசுக்கு உண்டென்று தீர்ப்பளித்தது. ஆறு தப்பியது.

இவ்விருவரையும் போற்றாதிருக்க முடியாது. ஆனால் 1948 என்னும் ஆண்டைச் சற்றே நின்று நோக்குவோமாக. அவ்வாண்டில் செந்தூல் பட்டறையில் ஒரு தமிழன், இயற்கையில் தீராக் காதலும் கையில் படப்பெட்டியும் உடையவனாய் இருந்து, டாஸ்மேனியாவிற் குடியேற விரும்பியிருப்பின் என்ன நேர்ந்திருக்கும்? கதவு அடைத்தே இருந்திருக்கும். 1901-ஆம் ஆண்டின் குடிநுழைவுக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, வேண்டாதவன் என்று அதிகாரி கருதும் எவனுக்கும் ஐரோப்பிய மொழி ஒன்றில் ஐம்பது சொற்கள் சொல்லி எழுதச் சொல்லலாம். மொழியைத் தேர்பவர் அதிகாரியே. ஆங்கிலத்தில் வல்லவன் வந்தால் வேறொரு மொழியைத் தேரலாம். நிறத்தைச் சட்டத்தில் எழுதாமலே நிறத்தால் விலக்கும் தந்திரம் அது. நம் நாட்டுச் சாதிமான்கள் கூட இத்தனை நுட்பமாகச் செய்யவில்லை!

போர் முடிந்தபின் அந்நாடு ஆள் வேண்டி நின்றது உண்மை. 1947 முதல் சில ஆண்டுகளில் ஏறத்தாழ 1,70,000 ஐரோப்பிய அகதிகளை ஏற்றுக் கொண்டது. அதே ஆண்டுகளில், போர்க்காலத்தில் அங்குத் தங்கி அந்நாட்டுப் பெண்களை மணந்திருந்த மலாய்க் கப்பல் தொழிலாளரை வெளியேற்றவும் துணிந்தது. மலாயாவிலும் சிங்கப்பூரிலும் கண்டனம் எழுந்தது. எழுத்துத் தேர்வு 1958-ஆம் ஆண்டில்தான் ஒழிந்தது. நிறக் கொள்கையின் எச்சங்கள் 1973-ஆம் ஆண்டில் நீங்கின. நம்மவர் பேரர்கள் இன்று நடந்து செல்லும் வழி திறந்து இன்னும் ஒரு மனிதனின் ஆயுட்காலம் ஆகவில்லை.

மற்றொன்றும் உண்டு. அந்தப் பிராங்க்ளின் படத்தில் மனிதர் இல்லை. மனிதன் மிதியாத தூய நிலம் என்று பார்ப்போர் எண்ணினர். அவ்வாற்றங்கரையின் குட்டிக்கினாக் குகையை 1981-ஆம் ஆண்டில் அகழ்ந்தபோதோ, பனியூழிக் காலத்திலேயே மக்கள் அங்கு வாழ்ந்து, தீ மூட்டி, கல்லாயுதம் செய்தமை வெளிப்பட்டது. ஆற்றைக் காக்க நடந்த வழக்கிற்கு அப்பழங்குடியினரின் அடுப்புச் சாம்பலும் துணை நின்றது. நடு ஆஸ்திரேலியாவின் உலுரு என்னும் செம்பாறையும் இத்தகையதே. 1985-ஆம் ஆண்டில் அது அனாங்கு மக்களுக்கு மீண்டது. 2019-ஆம் ஆண்டில் அதன்மேல் ஏறுவது தடைப்பட்டது. அங்குச் சில இடங்களைப் படம் பிடிக்க வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக் கொள்கின்றனர். நம்மவர் அங்குச் சென்றால் படப்பெட்டியைத் தாழ்த்திக் கொள்வது நன்று. அழையாத காமிராக்கள் தைப்பூசத்தில் நம் பெண்களின் முகத்தருகே நீளும்போது நமக்கு எப்படி இருக்கிறது?

குகை என்றதும் செந்தூலிலிருந்து ரயிலில் சில நிலையங்களே தள்ளியுள்ள பத்துமலை நினைவுக்கு வருகிறது. 1878-ஆம் ஆண்டில் ஹார்னடே என்னும் அமெரிக்கர் அதனைக் "கண்டுபிடித்தார்" என எழுதுகின்றனர். தெமுவான் மக்கள் அதற்கு முன்பே அங்குத் தங்கி வந்தவர்கள். 1891-ஆம் ஆண்டில் தம்புசாமிப் பிள்ளை கோயில் எழுப்பினார். அம்மலை சுமார் 40 கோடி ஆண்டுப் பழமையுடைய சுண்ணாம்புப் பாறை. அதன் இருட்குகையில், வளைக்குக் கதவு செய்து வாழும் அரிய சிலந்தி ஒன்றுண்டு. இவ்வளவும் இருக்க, அம்மலையையே வெடிவைத்துத் தகர்த்துக் கல்லாக விற்ற தொழிலும் 1980-கள் வரை நடந்தது.

இன்று பத்துமலைக்குச் செல்வோர் அனைவரும் 272 படிகளையும், 2006-ஆம் ஆண்டில் எழுந்த 42.7 மீட்டர் சிலையையும் ஒரே கோணத்தில் நின்று படம் பிடிக்கின்றனர். வெட்டுண்ட பக்கத்தை எவரும் எடுப்பதில்லை. டாஸ்மேனியாவின் ஏரி மூழ்குமுன் எப்படி இருந்தது என்பதற்கு ட்ருக்கானாஸ் சான்று வைத்துப் போனார். நம் மலைக்கு அத்தகைய சான்று உண்டா? செந்தூலிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பழைய தகரப் பெட்டிகளைத் திறந்து பார்க்குமாறு வாசகர்களை வேண்டுகிறோம். காவடி எடுத்த தாத்தாவையும் பக்கத்தில் நிற்கும் பாட்டியையும் எடுத்த மங்கிய படம் ஒன்று கிடைக்கக்கூடும். அவர்களுக்குப் பின்னே, வெட்டுப்படாத அம்மலையும் நிற்கக்கூடும்.