மிரியாம் கையில் இருந்தது தம்புருவா, தப்பா?

எங்க ஊர் தனுவச்சபுரம். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில். 1956-ல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது நாங்கள் கேரளப் பக்கம் நின்றுவிட்டோம். அதனால் வீட்டில் எப்போதும் இரண்டு வேதாகமம் உண்டு. பாட்டிக்குத் தமிழ், பள்ளிக்கூடம் போன எங்களுக்கு மலையாளம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்கும் பழக்கம் கடல் கடந்து வந்த பிறகும் விடவில்லை.

அப்படிப் படித்ததில் மாட்டிய சமாச்சாரம்தான் இது. 150-ஆம் சங்கீதத்தில் வரிசையாக வாத்தியங்கள் வருமில்லையா? அதில் எபிரெயத்தில் 'தோஃப்' என்று ஒன்று. தமிழ் வேதாகமம் அதைத் தம்புரு என்கிறது. மலையாளமோ தப்பு என்கிறது! செங்கடலைக் கடந்ததும் மிரியாம் கையில் எடுத்ததும் இதே தோஃப்தான். தம்புரு என்றால் நமக்குக் கச்சேரியில் சுருதிக்கு மீட்டும் தந்தி வாத்தியம். தப்பு என்றால் தோல் கருவி. எது சரி?

மலையாளம்தான். வட்டச் சட்டத்தில் தோலை இழுத்துக் கட்டிக் கையால் தட்டுவது தோஃப். இஸ்ரவேல் நாட்டில் தோண்டி எடுத்த பழைய மண் பொம்மைகள் சிலவற்றில், பெண்கள் அதை மார்போடு பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நாம் சண்டே ஸ்கூலில் பார்த்து வளர்ந்த படங்களை நம்ப முடியாது. தாவீது ராஜா ஆளுயர ஹார்ப் வைத்திருப்பார். அது ஐரோப்பிய ஓவியர்கள் தங்கள் ஊரில் பார்த்த வாத்தியம். யூதர்களே விட்டுப்போன படம் வேண்டுமென்றால், ரோமருக்கு எதிராக கி.பி. 132-135-ல் நடந்த பார் கோக்பா கலகக் காசுகளைப் பாருங்கள். கையில் அடங்கும் சின்ன நரம்பு வாத்தியமும், ஜோடி எக்காளமும் இருக்கும். ரோம் நகரில் உள்ள தீத்துவின் வளைவில், கி.பி. 70-ல் கொள்ளைபோன ஆலயக் குத்துவிளக்கோடு எக்காளங்களையும் செதுக்கியிருக்கிறார்கள்.

ஆலயத்துக்குள் என்ன வாசித்தார்கள்? நாளாகமம் கணக்கே தருகிறது. வாத்தியம் வாசிக்க 4000 லேவியர், அதில் தேர்ந்த பாடகர் 288 பேர். ஆசாரியர் கையில் எக்காளம், லேவியர் கையில் நரம்பு வாத்தியங்கள், ஆசாப் கையில் கைத்தாளம். இந்த ஆலயப் பட்டியலில் தோஃப் இல்லை. அது பெண்கள் கையிலும் தெரு ஊர்வலத்திலும் இருந்த கருவி. தாவீது உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தபோது வழியில் முழங்கியது. ஆனால் 149, 150-ஆம் சங்கீதங்கள் இரண்டும் தெருவில் நின்ற அந்தக் கருவியையும் பெயர் சொல்லித் துதிக்கு அழைக்கின்றன.

இதைப் படித்ததும் எனக்கு எங்க ஊர்தான் ஞாபகம் வந்தது. நான் வளர்ந்த சபையில் ஆர்மோனியம் உண்டு, வயலின் உண்டு, தபேலா உண்டு. தப்பு மட்டும் கிடையாது. "அது சாவு வீட்டு மேளம்" என்பார்கள். அதற்கு உள்ளே இருந்தது சாதி என்பது உங்களுக்குத் தெரியாததா? வேதத்திலேயே தப்பு என்று அச்சடித்து, அதைச் சத்தமாக வாசித்துவிட்டு, வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தோம்.

எங்களுக்குப் பக்கத்துத் திருப்புறத்தில் பிறந்த மோசவத்சலம் சாஸ்திரியார் (1847-1916) கர்நாடக ராகங்களில் மலையாளக் கீர்த்தனைகள் எழுதினார். அவை சபைக்குள் கௌரவமாக நுழைந்தன. தோல் கருவிக்கு அவ்வளவு சுலபத்தில் கதவு திறக்கவில்லை. மதுரை இறையியல் கல்லூரியில் இருந்த தியோபிலஸ் அப்பாவு (2005-ல் காலமானார்) நாட்டுப்புற இசையிலேயே முழு வழிபாட்டு முறை அமைத்து அந்தக் கதவைத் தட்டினார்.

நம் பறையைக் குச்சியால் அடிப்போம், தோஃபைக் கையால் தட்டுவார்கள். இரண்டும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை, ஒரே குடும்பம் என்கிறேன். அடுத்த முறை உங்கள் பிள்ளை மிரியாம் படத்துக்குக் கலர் அடிக்க உட்கார்ந்தால், அந்தக் கையில் இருப்பது தப்பு என்று சொல்லிக்கொடுங்கள். பாட்டி ஊரில் அதை யார் அடித்தார்கள், ஏன் உள்ளே விடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.