குதிரை போயிட்டுது, பந்தயம் போகேல்ல

கொழும்பில் றேஸ்கோர்ஸ் என்றால் எங்கட வயசுக்காரருக்கு ஞாபகம் வாறது கடையள், கோப்பி, றக்பி மச். அங்க உண்மையாவே குதிரை ஓடினது என்பதை அந்தப் பெயரைத் தவிர வேறெதுவும் பெரிசாச் சொல்றதில்லை. கொழும்புப் பல்கலைக்கழகக் கலைப்பீடத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில்தான் இந்த இடம் இருக்கு.

கொழும்பின் குதிரைப் பந்தயம் முதலில் காலிமுகத்திடலில் நடந்தது. நாங்கள் இறால் வடை சாப்பிட்டுக்கொண்டு பட்டம் பார்க்கிற அதே திடல்தான். 1893இல் அது கறுவாத்தோட்டத்துக்கு மாறியது. குதிரை வைத்திருந்தவர்கள் துரைமாரும் உள்ளூர்ப் பணக்காரரும். ஆனால் பந்தயம் கட்ட குதிரை தேவையில்லை, சட்டைப்பையில் கொஞ்சக் காசு இருந்தால் போதும். சாதாரண ஆட்களுக்கும் இந்த மைதானத்துக்கும் இருந்த உறவு அந்தக் காசு வழியாக வந்ததுதான்.

இரண்டாம் உலகப் போரில் குதிரைகள் ஓடின இடம் விமான ஓடுபாதையானது. 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்க வந்தன. இப்படியொரு ஓடுபாதை இருப்பது அவர்களுக்குத் தெரியாது. பிரித்தானிய விமானப்படையின் 258ஆவது படையணியின் ஹரிக்கேன் விமானங்கள் இங்கேயிருந்துதான் எழும்பிப் போய்ச் சண்டை பிடித்தன. பாடப்புத்தகத்தில் இதுக்கு ஒரு பந்தியாவது குடுத்திருக்கலாம்.

போருக்குப் பிறகு பந்தயம் திரும்பவும் நடந்தது. 1956இல் பண்டாரநாயக்க ஆட்சிக்கு வந்தபோது, சூதாட்டம் குடும்பங்களை அழிக்குது என்ற குரல் பலமாக இருந்தது. கொழும்பில் குதிரையோட்டம் முடிவுக்கு வந்தது. இன்று நாட்டில் ஒழுங்காகப் பந்தயம் நடக்கிற மைதானம் நுவரெலியாவில்தான், அதுவும் ஏப்ரல் வசந்தகாலம் வந்தால்தான் பெரிய களை.

சூதாட்டம் முடிஞ்சுதா? மலையகத்தில் எந்த ரவுனுக்குப் போனாலும், கொழும்பில் எந்தச் சந்தைப் பக்கம் போனாலும், ஒரு புக்கிக் கடையாவது கண்ணில் படும். இங்கிலாந்தில் எங்கேயோ ஓடுகிற குதிரைக்கு, நாட்கூலி வாங்கின கையோடு வந்து காசு கட்டுகிறார்கள். முன்னமென்றால் மைதானத்துக்குப் போய் குதிரையைக் கண்ணாலயாவது பார்த்திருக்கலாம். இப்ப துண்டும் திரையும் மட்டும்தான். நிறுத்தினது ஓட்டத்தை, சூதை இல்லை என்றே நான் நினைக்கிறேன்.

மைதானம் சும்மா கிடந்து பழசாகி, போர் முடிந்த பிறகு நகர அபிவிருத்தி அதிகார சபையால் புதுப்பிக்கப்பட்டது. அந்தச் சபை அப்போது பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. 2010இல் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டதும் இதே நகர அழகுபடுத்தல் காலத்தில்தான். பழைய பார்வையாளர் அரங்கு வடிவாத்தான் இருக்கு, அதை இடிக்காமல் காப்பாற்றினது நல்ல வேலை, மறுக்கேல்ல. ஆனால் அதுக்குள்ள இருக்கிற கடைகளில் ஒரு சேட்டின் விலையைப் பார்த்தால், புக்கிக் கடையில் நிற்கிறவருக்கு அது எத்தனை நாள் சம்பளம் என்று கணக்குப் பார்க்கத் தோணும்.