வால் சக்கரமும் மூக்குச் சக்கரமும்

விமானம் ஓட்டக் கற்றுக்கொள்பவருக்கு வானத்தில் பறப்பது பெரிய விஷயமில்லை. பத்திரமாகத் தரையிறங்குவதுதான் உண்மையான பரீட்சை!

1930, 40களில் அமெரிக்காவில் பைப்பர் கப் போன்ற சிறு விமானங்களில் பயின்ற மாணவர்கள் பலர் ஒரே மாதிரியான விபத்தில் சிக்கினார்கள். சக்கரங்கள் தரையைத் தொட்டுவிடும். அப்பாடா என்று மூச்சுவிடும் நேரத்தில் விமானம் லேசாக ஒரு பக்கம் திரும்பும். சுதாரிப்பதற்குள் பம்பரம் போலச் சுற்றி, இறக்கையின் நுனி தரையில் உரசிவிடும். இதற்கு 'கிரவுண்ட் லூப்' என்று பெயர். மாணவனுக்கு இன்னும் கால் பழகவில்லை என்பதே வழக்கமான தீர்ப்பு.

தவறு மாணவனுடையது மட்டும்தானா?

அந்தக் கால விமானங்களில் பெரிய சக்கரங்கள் இரண்டும் முன்னால் இருக்கும். வாலில் ஒரு குட்டிச் சக்கரம். எடையின் மையம் பெரிய சக்கரங்களுக்குப் பின்னால் அமைந்துவிடும். கைவண்டியை முன்னால் நின்று இழுத்தால் நேராக வரும். பின்னால் நின்று தள்ளினால் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும். அதே கதைதான் இங்கேயும். விமானம் கொஞ்சம் கோணினால் போதும், பின்னாலுள்ள எடை முன்னால் வரத் துடிக்கும்.

அனுபவசாலிகளும் இதற்குத் தப்பவில்லை. உலகைச் சுற்றப் புறப்பட்ட அமீலியா ஏர்ஹார்ட்டின் விமானம் 1937 மார்ச் 20 அன்று ஹவாயில் மேலெழும் முன்பே இப்படிச் சுழன்று, சக்கரக் கால்கள் முறிந்து விழுந்தது. டயர் வெடித்ததா, கை தவறியதா என்ற சர்ச்சை இன்றும் உண்டு.

நாசாவின் முன்னோடியான நாகா ஆய்வு நிறுவனத்தில் பொறியாளராக இருந்தவர் ஃபிரெட் வெய்க். மனிதனைத் திட்டுவதைவிட விமானத்தைத் திருத்தலாமே என்று அவர் நினைத்தார். நண்பர்களுடன் சேர்ந்து, ஓய்வு நேரத்தில் 1934இல் ஒரு விமானத்தை உருவாக்கினார். அதில் வால் சக்கரம் இல்லை. மூக்கின் கீழே ஒரு சக்கரம். எடை இப்போது பெரிய சக்கரங்களுக்கு முன்னால் வந்துவிட்டது. விமானம் கோணினாலும் தானே நேராகிவிடும்!

இது முற்றிலும் புதிய யோசனை அல்ல. கர்டிஸ் 1909இலேயே மூன்று சக்கர அமைப்பைப் பயன்படுத்தியிருந்தார். ஆனால் சாதாரண மனிதர்களும் ஓட்டக்கூடிய சிறு விமானம் என்ற நோக்கத்தோடு அதை வளர்த்தவர் வெய்க். அவருடைய எர்கூப் விமானம் 1940இல் அரசு அனுமதி பெற்றது. 1950களின் இறுதியில் செஸ்னா 150 வந்தது. அந்த வகையில் மட்டும் 23,000க்கும் மேற்பட்ட விமானங்கள் தயாராயின. எத்தனையோ மாணவர்கள் அதில்தான் முதன்முதலில் தனியாகப் பறந்தார்கள்.

அத்துடன் விபத்துகள் ஒழிந்தனவா? இல்லை. வேகம் குறையாமல் இறங்கும் மாணவன் மூக்கைக் கீழே அழுத்துகிறான். மூக்குச் சக்கரம் முதலில் மோதுகிறது. விமானம் துள்ளுகிறது, பயத்தில் மறுபடி அழுத்துகிறான், இன்னும் பெரிதாகத் துள்ளுகிறது. சில துள்ளல்களிலேயே மூக்குக் கால் முறிந்து, புரொப்பெல்லர் தரையில் அடிக்கும். இதற்கு மருந்து எளிது: அடம்பிடிக்காமல் இன்ஜினுக்கு முழு சக்தி கொடுத்து மேலே போய், இன்னொரு சுற்று சுற்றி வர வேண்டும்.

நல்ல இயந்திரம் மனிதனின் ஒரு தவறை மன்னிக்கும். எல்லாத் தவறுகளையும் அல்ல. ஆனாலும் விபத்து நடந்தவுடன் ஓட்டியவனை நோக்கி மட்டும் விரல் நீட்டாமல் இயந்திரத்தையும் கேள்வி கேட்டாரே ஒருவர், அதனால் பிழைத்த மாணவர்கள் எத்தனை பேரோ!